நெல் நாட்டுப் பள்ளிகளில் உணவுப் பாடமும் தேகப் பயிற்சியும்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய ஜில்லாக்களை உள்ளடக்கிய காவிரிப் பாசனப் பிரதேசம் நெல்லுக்குப் பேர்போனது. அப்பிரதேசத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் உணவைப்பற்றி என்ன கற்கிறார்கள், அக்கல்வி அவர்களுடைய தேகத்துக்கு எவ்வளவு பயன்படுகிறது என்பவை கல்வி இலாகாவை மாத்திரம் சேர்ந்த கேள்விகள் அல்ல. பட்டணத்தில் விளைவிக்கிறவன் ஒருவன், உண்பவன் வேறொருவன். கிராமத்திலோ, களத்தில் நெல்லைத் தூற்றும் குடும்பமே அடுப்பில் உலையும் வைக்கிறது. எந்த நெல்லை நடுவது, அதை எவ்விதம் அரைப்பது, எதை விற்பது, எதை வீட்டுக்கு நிறுத்திக்கொள்வது என்று தீர்மானிக்கிற இடத்திலேயே பிள்ளையின் போஷணையும் தீர்மானமாகிறது. ஆதலால் உணவுப் பாடம் விவசாய இலாகாவும் கவனிக்கவேண்டிய பாடமாகும்.

பாடப் புத்தகங்களில் இவ்விஷயம் இல்லாமலில்லை. தமிழ்நாட்டில் 2018-ஆம் வருஷம் முதல் வெளிவந்த புதிய புத்தகங்களுள், ஆறாம் வகுப்பு விஞ்ஞான நூலின் முதற்பருவத்தில் ‘உடல் நலமும் சுகாதாரமும்’ என்றொரு பாடம் இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு நூலில் ‘ஊட்டச்சத்து மற்றும் ஆரோக்கியம்’ என்ற பாடம் இருக்கிறது. மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, வைட்டமின்கள் என்று சொல்லப்படும் ஜீவசத்துக்கள், தாது உப்புக்கள், இவற்றின் குறைவால் நேரும் மாலைக்கண், பெரிபெரி, ஸ்கர்வி, ரிக்கெட்ஸ் முதலிய நோய்கள் யாவும் அட்டவணையாகவும் படங்களாகவும் தரப்பட்டிருக்கின்றன. கலப்படத்தைப்பற்றியும், உணவைக் கெடாமல் காப்பதைப்பற்றியும் மேல்வகுப்பில் விவரங்கள் உள்ளன. அவை கூறுவன மெய்யானவை, அச்சும் நேர்த்தியாயிருக்கிறது. அவற்றை எழுதிய ஆசிரியர்களின் உழைப்பு பாராட்டத்தக்கதே.

எனினும் மாநிலம் முழுமைக்கும் ஒரே புத்தகம் எழுதும்போது, நீலகிரிப் பிள்ளைக்கும் இராமநாதபுரத்துப் பிள்ளைக்கும் சென்னைப் பிள்ளைக்கும் பொதுவான செய்திகளையே எழுத முடியும். பொதுச்செய்தி மனப்பாடத்துக்கு ஏற்றது. அதை வீட்டுச் சமையலோடு பொருத்திக் காட்ட ஒருவர் வேண்டும். அப்படிக் காட்டுவோர் இல்லாதபோது, வைட்டமின் பி1 குறைந்தால் பெரிபெரி வருமென்று பரீட்சையில் பிழையின்றி எழுதுகிற மாணவி, தன் பாட்டி நெல்லை ஏன் அவித்தாள் என்பதை அறியாமலே வகுப்பைக் கடந்துவிடுகிறாள். இஃது ஒரு குறை. இதனினும் பெரிய குறை, உணவு ஓரிடத்திலும் தேகப் பயிற்சி மற்றோரிடத்திலுமாகப் பிரிந்துகிடப்பது. இவ்வளவு உழைக்கிற தேகத்துக்கு இவ்வளவு ஆகாரம் என்ற கணக்கு பிள்ளையின் மனத்தில் பதிவதில்லை. காவிரிப் பிரதேசத்தில் ஒரு தலைமுறைக் காலத்துக்குள் குலைந்துபோனது அந்தக் கணக்கே.

ஏர் போயிற்று, சோறு நின்றது

முன்னாளில் ஓர் உழவன் விடியுமுன் மாடு பிடித்து ஏர் கட்டினான். வரப்பு வெட்டுதல், அண்டை கழித்தல், நாற்றுக்கட்டுச் சுமத்தல், அறுத்தல், கட்டுத் தூக்கல், போரடித்தல் என்று வருஷத்தில் பெரும்பகுதி அவன் தேகம் கடினமாக உழைத்தது. பெண்கள் நாள் முழுதும் குனிந்து நட்டார்கள், களை பறித்தார்கள், வீட்டுக்கு வந்து நெல்லைக் குத்தினார்கள். இன்றோ உழவு டிராக்டராலும், அறுவடை பெரும்பாலும் யந்திரத்தாலும் நடைபெறுகின்றன. நடவு யந்திரமும் நேரடி விதைப்பும் பரவிவருகின்றன. மனிதனை ஒடித்த வேலையை யந்திரம் ஏற்றுக்கொண்டது நல்லதே. அதற்காக வருந்துவோர் அவ்வேலையைச் செய்யாதவர்களாகத்தான் இருப்பார்கள். ஆனால் வேலை மாறிய அளவுக்குத் தட்டு மாறவில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட அளவைகளின்படி, கடின உழைப்பாளியான ஆடவனுக்கு நாளொன்றுக்கு 3470 கலோரி சக்தி வேண்டும். உட்கார்ந்த தொழில் செய்கிறவனுக்கு 2110 கலோரி போதும். வித்தியாசம் 1360 கலோரி. 100 கிராம் அரிசி சுமார் 345 கலோரி தருமென்பதால், அவ்வித்தியாசத்தை அரிசியாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய 400 கிராம் வருகிறது. தகப்பன் ஏர்பிடித்தபோது வேண்டியிருந்த சோற்றை, மோட்டார் சைக்கிளில் போய்வரும் மகனும் உண்டால், நாள்தோறும் அவ்வளவும் தேகத்தில் கொழுப்பாகத் தங்குவதற்கு இடமாகிறது. இது மிக எளிய கழித்தல் கணக்கு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் செய்துவிடும். ஆயினும் உணவுப் பாடத்துக்குள் இக்கணக்கை நுழைப்போர் அரியர்.

விளைவு எப்படியிருக்கிறது என்பதைத் தேசியக் குடும்ப நல ஆய்வு காட்டுகிறது. 2019–21-இல் நடந்த ஐந்தாவது ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 சதவீதத்தினர் மிகை எடையுள்ளவர்கள். 2015–16-இல் இது 30.9 சதவீதமாக இருந்தது. அதே ஐந்தாவது ஆய்வில், அதே வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு இரத்தசோகை காணப்பட்டது. ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் இரத்தசோகை 57.4 சதவீதம். வயிறு நிறைந்தும் இரத்தம் வற்றியிருப்பது எவ்வாறு கூடும் என்று சிலர் வியக்கலாம். தட்டில் மாவுச்சத்து மிகுந்து, பருப்பும் கீரையும் முட்டையும் மீனும் பழமும் குறைந்தால் அவ்விரண்டும் ஒரே வீட்டில், சில சமயம் ஒரே தேகத்தில், கூடியே இருக்கும்.

குன்னூரில் எழுந்த பாடநூல்

நெல் நாட்டுப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய சொந்த உணவைக்கொண்டே பாடம் சொல்லவேண்டுமென்ற எண்ணம் புதியதன்று. நீலகிரிக் குன்னூரில் 1918-ஆம் வருஷத்தையொட்டித் தொடங்கிய ஆராய்ச்சியே பிற்காலத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது; அது 1958-இல் ஹைதராபாத்துக்கு மாற்றப்பட்டது. அதைத் தொடங்கிய ராபர்ட் மக்காரிஸன் என்ற வைத்தியர் 1920-களில் ஒரு பிரசித்தமான சோதனை செய்தார். ஒரே தரமான எலிகளைக் கூட்டங் கூட்டமாகப் பிரித்து, இந்தியாவின் பல்வேறு ஜனங்கள் உண்ணும் ஆகாரத்தை ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஊட்டினார். முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் ஆகாரத்தைத் தின்ற எலிகள் யாவற்றினும் நன்றாக வளர்ந்தன. தீட்டிக் கழுவிய அரிசி மிகுந்து, பருப்பும் காயும் பாலும் சொற்பமாக உள்ள சென்னை ராஜதானி ஆகாரத்தைத் தின்றவை கடைசியாக நின்றன.

இந்த முடிவை அவர் வைத்தியப் பத்திரிகைகளோடு நிறுத்திவிடவில்லை. 1928-இல் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் சாரணர் படைகளுக்கும் என்று உணவைப்பற்றி ஒரு சிறுநூலை ஆங்கிலத்தில் எழுதினார். அவருக்குப் பின் 1935 முதல் அந்த ஆராய்ச்சிச்சாலைக்குத் தலைவராயிருந்த அய்க்ராய்ட், 1937-இல் இந்திய உணவுப்பொருள்களின் சத்து விவரத்தை அட்டவணையாக வெளியிட்டார். உள்ளூர்ப் பொருளை அளந்து, உள்ளூர்ப் பிள்ளைக்குச் சொல்லவேண்டும் என்பதே அவ்விருவர் வழி. ஏறத்தாழ நூறு வருஷங்களுக்குப் பின்பும் அவ்வழியை விட்டு வேறு வழி தேடவேண்டிய அவசியமில்லை.

அரிசியைப்பற்றிய பாடம்

காவிரிப் பிரதேசத்துப் பிள்ளைக்கு முதற்பாடமாக வேண்டியது அரிசியின் பாடம். நெல்லின் உமிக்கு அடியில் தவிட்டுப் படலம் இருக்கிறது. ஜீவசத்தின் பெரும்பகுதி அதிலும் முளையிலும் உண்டு. பச்சை நெல்லை ஆலையில் தீட்டினால் அது தவிட்டோடு மாட்டுத் தொட்டிக்குப் போய்விடுகிறது. நெல்லை ஊறவைத்து அவித்தாலோ, அச்சத்து நீராவியோடு அரிசியின் உள்ளே புகுந்து நிலைக்கிறது. பின் தீட்டினும் ஓரளவு தங்குகிறது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணையின்படி, 100 கிராம் ஆலைப் பச்சரிசியில் தயமின் என்னும் பி1 சத்து 0.06 மில்லிகிராம், ஆலைப் புழுங்கலரிசியில் 0.21 மில்லிகிராம், அதாவது மூன்று மடங்குக்கு மேல்.

இதன் பயன் சரித்திரத்தில் நன்றாகத் தெரிந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், சென்னை ராஜதானியின் வடபாகமான ஆந்திரக் கடற்கரை ஜில்லாக்களில், ஆலைப் பச்சரிசி உண்ட ஜனங்களிடையே பெரிபெரி பரவியிருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் ஜில்லாக்கள் அந்நோய்க்குப் பெரும்பாலும் தப்பின. இதே உண்மையின் ஒரு பகுதியை ஜாவாத் தீவில் 1890-களில் கோழிகளைக்கொண்டு கண்ட எய்க்மன் என்ற டச்சு வைத்தியருக்கு 1929-இல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. உலகம் கோழிகளையும் எலிகளையும் கொண்டு கண்டறிந்ததைத் தஞ்சைக் குடியானவர் வீட்டு நெல்லவிக்கும் அண்டா நெடுங்காலமாகச் செய்துவந்தது. இச்செய்தியைப் படிக்கிற பிள்ளைக்கு ஜீவசத்தும் விளங்கும். தன் வீட்டு வழக்கத்தின்மேல் மரியாதையும் உண்டாகும்.

ஆனால் வழக்கங்கள் யாவும் நல்லவை என்று கற்பிப்பதும் பிழை. அரிசியைப் பலமுறை அரித்துக் கழுவுவதாலும், கஞ்சியை வடித்துக் கொட்டுவதாலும் நீரில் கரையும் சத்து வீணாகிறது. வெள்ளையாக மின்னும் அரிசியே உயர்ந்ததென்ற எண்ணம் ஆலைக்காரருக்கு லாபம், உண்பவருக்கு நஷ்டம். புழுங்கலரிசியேயானாலும் தட்டு முழுதும் சோறாக இருப்பின் நீரிழிவைத் தடுத்துவிடாது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு விதிகள், ஒருவர் பெறும் சக்தியில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்தை மிஞ்சலாகாதென்று கூறுகின்றன. மூன்று வேளையும் அரிசியையே பலவிதமாகச் சமைக்கும் பிரதேசத்தில் இந்த ஒரு விதியே ஒரு முழுப் பாடத்துக்குரிய விஷயம்.

நெல் இரகங்களின் பாடமும் இதனோடு சேர்ந்தது. ஆடுதுறையில் 1922-இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த இரகங்கள் பிரதேசத்தின் மகசூலை உயர்த்தின. மறுபுறம் மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, பூங்கார், காட்டுயானம் முதலிய பழைய நெற்களைத் தேடிச் சேர்த்துத் திருவாரூர் ஜில்லா ஆதிரெங்கத்தில் விதைத் திருவிழா நடத்தியவர் ‘நெல்’ ஜெயராமன். அவர் 2018-இல் காலமானபின், பன்னிரண்டாம் வகுப்புத் தாவரவியல் நூலில் அவரைப்பற்றிய குறிப்புச் சேர்க்கப்பட்டது. அது தகுந்த மரியாதையே. ஆயினும் தாவரவியலை எடுத்துப் படிப்பவர் சிலரே. பத்தாம் வகுப்போடு வயலுக்கும் வேலைக்கும் செல்கிறவர்களுக்கு அக்குறிப்பு எட்டுவதில்லை. உள்ளூர் நெல்லின் பாடம் கீழ்வகுப்பிலேயே வரவேண்டும்.

பயறும் கீரையும்

சம்பா, தாளடி அறுவடைக்குச் சுமார் ஒரு வாரம் பத்து நாள் முன்னதாக, வயலில் ஈரம் மெழுகுபதமாக இருக்கையில், நிற்கும் கதிர்களுக்கிடையே உளுந்தும் பச்சைப்பயறும் விதைப்பது இப்பிரதேசத்தின் வழக்கம். பனியும் மண்ணின் எஞ்சிய ஈரமுமே அதற்குப் பாசனம். அதன் வேர்முடிச்சுக்கள் மண்ணுக்குத் தழைச்சத்தைச் சேர்க்கின்றன. 100 கிராம் அரிசியில் புரதம் சுமார் 7 கிராம். உளுத்தம் பருப்பில் 24 கிராம். அரிசியின் புரதத்தில் குறைவான கூறு பருப்பில் உண்டு, பருப்பில் குறைவானது அரிசியில் உண்டு. ஆதலால் இரண்டையும் சேர்த்த இட்டிலியும் வெண்பொங்கலும் தனிச்சோற்றைவிட மேலான ஆகாரம். மண்ணுக்கு நெல்லின்பின் பயறு எதைச் செய்கிறதோ, அதையே தட்டில் சோற்றின் பக்கத்தில் பருப்பு தேகத்துக்குச் செய்கிறது. விவசாயப் பாடத்தையும் உணவுப் பாடத்தையும் ஒரே பக்கத்தில் எழுத இதனினும் நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

இப்பயறுக்கும் இடையூறுகள் வந்திருக்கின்றன. யந்திர அறுவடையின் தடங்களில் இளம்பயிர் நசுங்குவதும், தண்ணீர் தாமதித்து நடவு தள்ளிப்போனால் விதைக்கும் பருவம் தவறுவதும் குடியானவர் அறிந்த தொல்லைகள். விளைந்ததையும் பங்குனி, சித்திரையில் ஒரே மூட்டையாக வியாபாரிக்கு அளந்துவிட்டு, ஆடியில் அதே பருப்பைக் கடையில் கால் கிலோவாக வாங்கும் குடும்பங்கள் பல. விற்குமுன் வருஷச் செலவுக்கென்று ஒரு பானை நிறுத்திக்கொள்ள வேண்டுமென்ற யோசனையை இலாகாவின் துண்டுப்பிரசுரத்தைவிடப் பள்ளிப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோவது சுலபம்.

கீரை விஷயமும் அத்தகையது. வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் பொன்னாங்கண்ணியும் ஆரையும் வல்லாரையும் தாமே வளர்கின்றன. கொல்லையில் முருங்கை நிற்கிறது. 100 கிராம் முருங்கைக் கீரையில் சுண்ணாம்புச் சத்து 440 மில்லிகிராம். அதே அளவு பசுவின் பாலில் 120. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச் சத்தைத் தேகம் ஏற்றுக்கொள்ள எலுமிச்சையோ நெல்லிக்காயோ துணைசெய்கிறது. உண்டவுடன் குடிக்கும் தேநீரும் காப்பியும் அதைத் தடுக்கின்றன. கும்பகோணத்துக் காப்பியைக் கைவிடச் சொல்வது எவராலும் ஆகாத காரியம். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கச் சொல்லலாம். இத்தகைய சிறு செய்திகளே வீட்டு வழக்கத்தை மாற்றவல்லவை. பூச்சிமருந்து தெளித்த வயலின் வரப்புக் கீரையைப் பறிக்கலாகாது என்ற எச்சரிக்கையும் கூடவே சொல்லப்படவேண்டும்.

சத்துணவுத் தட்டே சிறந்த படம்

பள்ளியில் உணவிடும் காரியத்தில் தமிழ்நாடு நாட்டுக்கே முன்மாதிரி. 1920-இல் சென்னை நகரசபைப் பள்ளியில் தொடங்கிய முயற்சி, 1956-இல் காமராஜரால் மாநிலத்தில் மதிய உணவாக விரிந்தது, 1982-இல் எம்.ஜி. இராமச்சந்திரனால் சத்துணவாயிற்று, பிற்காலத்தில் முட்டையும் சேர்ந்தது. 2022-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டு 25-இல் காவிரிப் பிரதேசத்துத் திருக்குவளைப் பள்ளியிலிருந்து மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிவாக்கப்பட்டது. இவ்வளவு பொருட்செலவில் தட்டு பிள்ளையின் முன் வருகிறது. ஆனால் பாடம் அத்தட்டைப்பற்றிப் பேசாமல் புத்தகத்துப் படத்தைப்பற்றிப் பேசுகிறது.

மத்தியானம் பரிமாறிய சோறு எத்தனை கிராம் அரிசி, சாம்பாரில் பருப்பு எவ்வளவு, முட்டையில் என்ன சத்து, இன்றைய தட்டில் எது குறைகிறது, அதை வீட்டில் இரவு எப்படி நிரப்பலாம் என்று உபாத்தியாயர் பத்து நிமிஷம் கேட்டால் போதும். தராசு ஒன்றிருந்தால் கணக்குப் பாடமும் அதிலேயே முடியும். முட்டையை ஒதுக்கிவைக்கும் பிள்ளைக்கும், காயைப் பொறுக்கி எறியும் பிள்ளைக்கும் இவ்விதமே காரணம் விளங்கும். சமையற்காரரும் வகுப்புக்கு வந்து பேசலாம்; அவர்கள் அறிந்தது எந்தப் புத்தகத்திலும் அச்சாகவில்லை.

தேகப் பயிற்சி

உலக சுகாதார ஸ்தாபனம் 2020-இல் கூறிய விதியின்படி, 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் சராசரியாக நாள்தோறும் 60 நிமிஷமாவது மூச்சு வாங்கும்படி ஓடியாடவேண்டும். பள்ளி அட்டவணையில் விளையாட்டுக்கு வாரத்தில் இரண்டொரு வேளை உண்டு. பரீட்சை நெருங்கினால் அதுவும் கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் கடனாகப் போய்த் திரும்புவதில்லை. தொடக்கப் பள்ளிகளில் தனி உடற்கல்வி ஆசிரியர் இருப்பதும் அரிது. ஹாரி பக் என்பவர் 1920-இல் சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கி ஒரு நூற்றாண்டு கடந்துவிட்டது. பயிற்சி பெற்ற ஆசிரியர்களைத் தருவதற்கு நாட்டில் வழியில்லாமலில்லை. பாடவேளையைக் காப்பாற்றும் மனமே வேண்டும்.

தேகப் பயிற்சிக்குப் பெரிய மைதானமும் விலையுயர்ந்த சாமான்களும் அவசியமென்பதும் தவறு. சடுகுடுவுக்குக் கோடு கிழித்த மண் போதும். அவ்விளையாட்டு 1990 முதல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இடம்பெற்றிருக்கிறது. அறுவடையான வயல் மாசி முதல் ஊருக்கு ஊர் விளையாட்டுத் திடலாகிறது. சிலம்பமும் கிட்டிப்புள்ளும் பாண்டியும் செலவில்லாதவை. இவற்றுக்கெல்லாம் மேலாக இப்பிரதேசத்துக்கு உரியது நீச்சல். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்ததும் வாய்க்காலும் குளமும் பிள்ளைகளை அழைக்கின்றன. நீந்தத் தெரியாமல் இறங்கி உயிரிழப்போரைப்பற்றிய செய்தி வருஷந்தோறும் வருகிறது. நெடுகிலும் ஆறுகள் பிரிந்தோடும் நாட்டில் நீந்தக் கற்பிப்பது விளையாட்டுப் பாடமும் ஆம், உயிர்காக்கும் பாடமும் ஆம். பெரியவர்களின் காவலோடு, ஆழம் அளந்த குளத்தில் அதைக் கிரமமாகக் கற்பிக்கலாம்.

பெண்பிள்ளைகளைப்பற்றித் தனியே கூறவேண்டும். பருவமடைந்தவுடன் அவர்களை ஓடாதே என்பதும், வீட்டில் கடைசியாக உண்ணச்செய்வதும் இன்னும் பல குடும்பங்களில் நடக்கிறது. இரத்தம் அதிகம் வேண்டிய வயதில் ஆகாரமும் பயிற்சியும் ஒருங்கே குறைகின்றன. பள்ளியில் தரப்படும் வாராந்தர இரும்புச்சத்து மாத்திரை துணைசெய்யுமே தவிர, அவ்விரண்டுக்கும் ஈடாகாது.

ஆட்சேபங்கள்

இவற்றுக்கு இரண்டு ஆட்சேபங்கள் எழக்கூடும். இரண்டும் அலட்சியம் செய்யத்தக்கவை அல்ல.

முதலாவது, ஏழைக்கு இல்லாதது பணமே, அறிவன்று என்பது. கூலிக் குடும்பத்துப் பிள்ளையை எழுப்பி, காலையில் பழம் உண்டாயா என்று வகுப்பில் கேட்பது கொடுமை. அத்தகைய பாடம் இருப்பதைவிட இல்லாமலிருப்பதே மேல். ஆகையால் பாடம் பள்ளித் தட்டிலிருந்து தொடங்கவேண்டும். அது யாவர்க்கும் ஒன்று. பின்னர் நியாயவிலைக் கடை அரிசியையும் துவரம்பருப்பையும், முருங்கையையும், வாய்க்காலில் அகப்படும் கெண்டையையும் நண்டையும் கொண்டு என்ன செய்யலாமென்று பேசவேண்டும். மீனையும் நத்தையையும் உண்பவரைத் தாழ்வாகப் பேசும் வழக்கம் வகுப்பறைக்குள் நுழையலாகாது. அவை உயர்ந்த புரதம் என்பதை விஞ்ஞானமே சொல்லும்.

இரண்டாவது, உழைப்பைப் பாடமாக்கினால் உழைப்பவர் பிள்ளைகளையே மீண்டும் வயலில் இறக்குவதாக முடியும் என்ற அச்சம். இதற்குச் சரித்திரக் காரணம் உண்டு. 1953-இல் ராஜாஜி மந்திரிசபை, பிள்ளைகள் பாதி நாள் பள்ளியிலும் பாதி நாள் குடும்பத் தொழிலிலும் இருக்கும்படி ஒரு திட்டம் கொண்டுவந்தது. அது குலத்தொழிலை நிலைநிறுத்தும் என்ற பலத்த எதிர்ப்பின்மேல் 1954-இல் காமராஜர் அதைக் கைவிட்டார். பண்ணையாள் பாதுகாப்புக்கென்றே 1952-இல் தனிச் சட்டம் வேண்டியிருந்த தஞ்சையில் இவ்வச்சத்தை எவரும் குறை கூறமுடியாது. ஆதலால் எல்லை தெளிவாக இருக்கவேண்டும். பள்ளித் தோட்டத்தில் வேலை செய்வதாயின் மிராசுதார் பிள்ளையும் கூலிக்காரர் பிள்ளையும் ஆணும் பெண்ணும் ஒரே முறையில் செய்யவேண்டும், அதன் விளைவு பள்ளி அடுப்புக்கே போகவேண்டும், பாடவேளை குறையலாகாது, எவர் வயலுக்கும் பிள்ளைகளை அனுப்பலாகாது. இவ்வெல்லைக்குள் மண்ணைத் தொடுவது யாருக்கும் இழிவன்று. இதற்கு அப்பால் போனால் பழைய அச்சம் நியாயமாகிவிடும்.

செய்யத்தக்கவை

மாநிலப் புத்தகத்தை மாற்றும் வரையில் காத்திருக்கவேண்டியதில்லை. காவிரி ஜில்லாக்களுக்கென்று பதினாறு பக்கத்தில் ஓர் இணைப்புப் புத்தகம் போதும். கல்வி இலாகாவும் விவசாய இலாகாவும் சேர்ந்து, ஆடுதுறை நிலையத்தாரையும் நீடாமங்கலம், சிக்கல் ஆகிய இடங்களிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தாரையும் கலந்து அதைத் தயாரிக்கலாம்.

அப்புத்தகம் சாகுபடிப் பருவத்தோடு ஒட்டிச் செல்வது உசிதம். ஜூனில் தண்ணீர் வரும்போது நீச்சலும் குடிநீர்ச் சுத்தமும். குறுவை அறுவடையில் நெல் அவித்தலும் அரிசியின் சத்தும். ஐப்பசி மழையில் வயிற்றுநோய்களும் கைகழுவலும். தை அறுவடையில் உழைப்புக்கும் ஆகாரத்துக்கும் உள்ள கணக்கு. மாசி, பங்குனியில் பயறும் திடல் விளையாட்டும். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் வீட்டில் பார்த்து எழுதவேண்டிய ஒரே ஒரு கேள்வி இருக்கட்டும். வருஷத்தில் இருமுறை பிள்ளைகள் தங்கள் உயரத்தையும் எடையையும் தாமே அளந்து, பிறர் பாராதபடி தம் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளட்டும்.

பள்ளித் தோட்டத்துக்கு 2019-இல் மத்திய சர்க்கார் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் உள்ளன. விதையும் யோசனையும் தருவது விவசாய இலாகாவின் உதவி அதிகாரிகளுக்குப் பெரிய சிரமமன்று. பத்துச் சதுர மீட்டர் கீரைப்பாத்தியும் நான்கு முருங்கையும் ஒரு சிறு பள்ளியின் சாம்பாருக்கு வாரத்தில் ஒரு நாளாவது உதவும். விளையாட்டுப் பாடவேளை நடந்ததா என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள பெற்றோர்கள் கூட்டந்தோறும் கேட்கவேண்டும்; கேட்கப்படாத பாடவேளை நிலைப்பதில்லை.

நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்த்து, எடை பார்த்து, தரம் பார்த்து விற்கிற குடியானவர்கள், அதே நெல் தம் பிள்ளைகளின் தேகத்தில் என்ன செய்கிறதென்பதையும் பார்க்கவேண்டிய காலம் வந்திருக்கிறது. அடுத்த பள்ளிக் கூட்டத்துக்குச் செல்லும் பெற்றோர் உபாத்தியாயரிடம் மதிப்பெண்ணைக் கேட்பதோடு இன்னும் இரண்டு கேள்விகள் கேட்கட்டும்: இவ்வாரம் பிள்ளைகள் எத்தனை வேளை விளையாடினார்கள், உணவுப் பாடத்தில் எதை வீட்டில் செய்துபார்க்கச் சொன்னீர்கள் என்பன அவை. ஊருக்கு ஊர் இக்கேள்விகள் எழுந்தால், பதினாறு பக்கப் புத்தகம் அச்சாக வெகு நாள் ஆகாது.